முத்திரை பறக்குமா?

ஆகாய விமானம் பறப்பதற்கு என்ன வேண்டும்?

"இறக்கை வேண்டும்" என்பான் பள்ளிக்கூடத்துப் பையன். "என்ஜின் வேண்டும்" என்பார் அவனுடைய அப்பா. "எண்ணெய் ஊற்ற வேண்டாமா?" என்று கேட்பாள் அம்மா.

மூவர் சொல்வதும் சரிதான். ஆனால் விமானத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். "கையெழுத்து வேண்டும்" என்று சொல்லுவார்!

ஒரு பெரிய விமானத்தில் லட்சக்கணக்கான உறுப்புகள் உண்டு. இந்த உறுப்பை யார் செய்தார், எந்த உலோகத்தில் செய்தார், யார் பொருத்தினார், யார் சரி பார்த்தார் என்று எழுதி வைக்க வேண்டும். எழுதியதற்குக் கீழே முத்திரை குத்த வேண்டும். விமானம் செய்கிறவர்களிடையே ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. "காகிதத்தின் எடையும் விமானத்தின் எடையும் சமமாக வேண்டும். அப்போதுதான் விமானம் பறக்கும்" என்பார்கள்.

சிரிக்க வேண்டிய பேச்சுதான். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் நம்முடைய உயிர் இருக்கிறது. ஆகவே சிரித்துவிட்டுக் கொஞ்சம் யோசிப்போம்.

மலைக்கு மேலே இரண்டு வெளிச்சம்

சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே இருக்கிறது ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் அது பரந்து கிடக்கிறது. அங்கே சாமை விளைகிறது. தேன் கிடைக்கிறது. இரவில் நல்ல இருட்டும் கிடைக்கிறது. அந்த இருட்டுக்காகத்தான் மலையில் உள்ள காவலூரில் வான ஆராய்ச்சி நிலையம் அமைத்தார்கள்.

அந்த மலையில் நின்று இரவில் மேலே பார்த்தால் இரண்டு வகை வெளிச்சம் தெரியும். ஒன்று, நின்ற இடத்தில் நிற்கும் நட்சத்திரம். இன்னொன்று, மினுக்கி மினுக்கி நகரும் விமானம்.

இரண்டுக்கும் ஓர் உறவு இருக்கிறது. வால்சந்த் ஹிராசந்த் என்ற தொழில் அதிபர், மைசூர் அரசாங்கத்துடன் சேர்ந்து 1940-ம் ஆண்டில் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அதுதான் இன்று 'எச்.ஏ.எல்.' என்று பெயர் பெற்று விளங்குகிறது. அதே வால்சந்தின் பெயரால் மராட்டிய மாநிலத்தில் வால்சந்த் நகர் என்ற ஊரும் தொழிற்சாலையும் உண்டு. காவலூரில் உள்ள பெரிய தொலைநோக்கியின் இரும்பு உடம்பு அந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்டதுதான்!

காவலூர்த் தொலைநோக்கிக்கு உயிர் அதன் கண்ணாடி. குறுக்களவு 2.34 மீட்டர். அதாவது ஏழரை அடிக்கும் மேல். பெங்களூரில் வைத்து அதைத் தேய்த்து மெருகிட்டார்கள். 1986-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்தார். இந்தத் தொலைநோக்கிக்காகப் பாடுபட்ட விஞ்ஞானி வைணு பாப்பு, அதைப் பார்க்காமலே 1982-ல் காலமாகிவிட்டார். அவர் பெயரையே தொலைநோக்கிக்கு வைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கண்ணாடியில் தலைமயிரின் பருமனில் நூற்றில் ஒரு பங்கு பிசகு இருந்தாலும் ஆபத்து. அதைக் கண்டுபிடிக்கிற பரிசோதகர் யார் தெரியுமா?

நட்சத்திரம்!

தொலைநோக்கியை நட்சத்திரத்தின் பக்கம் திருப்பினால் போதும். கண்ணாடி சரியாக இருந்தால் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியும். தவறாக இருந்தால் கலங்கித் தெரியும். நட்சத்திரத்துக்குச் சலாம் போட முடியாது. காப்பி வாங்கிக் கொடுக்க முடியாது. "மார்ச் மாதம் முடிகிறது, ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள்" என்று கெஞ்சவும் முடியாது!

அமெரிக்கர்கள் பட்ட பாடு

ஏறத்தாழ இதே அளவில், 2.4 மீட்டர் கண்ணாடி வைத்து அமெரிக்காவில் ஒரு தொலைநோக்கி செய்தார்கள். அதுதான் 'ஹப்பிள்'. 1990-ம் ஆண்டு ஏப்ரலில் அதை ராக்கெட் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய் விண்வெளியில் விட்டார்கள்.

முதல் படம் வந்தது. கலங்கலாக இருந்தது!

விசாரித்தார்கள். கண்ணாடியின் ஓரம் தலைமயிரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத் தவறாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தேய்த்தவரின் கை தவறவில்லை. கண்ணாடியைச் சோதிக்கும் கருவியையே 1.3 மில்லிமீட்டர் தவறாகப் பொருத்தியிருந்தார்கள். அளவுகோல் கோணல்; கண்ணாடி அந்தக் கோணலுக்குப் பொருத்தமாகவே வந்தது!

இதில் பெரிய வேடிக்கை இனிமேல்தான். வேறு இரண்டு சோதனைகள் "தவறு இருக்கிறது" என்று முன்பே காட்டின. "அந்தக் கருவிகள் அவ்வளவு துல்லியம் இல்லை" என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டார்கள். பிறகு 1993-ம் ஆண்டு டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய், கண் மங்கியவருக்கு மூக்குக் கண்ணாடி மாட்டுவது போல, ஹப்பிளுக்கும் மாட்டிவிட்டு வந்தார்கள்.

தொலைநோக்கி கெட்டால் படம் கெடும். பணம் போகும். மானம் போகும். அதோடு முடிந்தது.

விமானம் கெட்டால்?

கழற்றாத கதவு

ஒரு கற்பனைக் காட்சி. விமானத் தொழிற்சாலை. பரிசோதனை அதிகாரி வருகிறார்.

"என்னப்பா, இந்தக் கதவுக்குப் போல்ட்டு மாட்டியாச்சா?"

"கதவைக் கழற்றவே இல்லையே, சார்."

"கழற்றவில்லையா? அதோ திறந்து கிடக்கிறதே!"

"திறந்துதான் கிடக்கிறது, சார். ஆனால் கழற்றியதாகப் புத்தகத்தில் எழுதவில்லை."

"அப்படிச் சொல்லு! எழுதவில்லை என்றால் கழற்றவில்லை. கழற்றவில்லை என்றால் மாட்ட வேண்டியதில்லை. மாட்டவில்லை என்றால் நான் பார்க்க வேண்டியதில்லை. முத்திரையை எடு!"

இது வெறும் கற்பனை. ஆனால் இதற்குச் சளைக்காத காரியம் ஒன்று நிஜமாகவே நடந்தது.

2024-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி. அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரத்திலிருந்து அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று புறப்பட்டது. உள்ளே 177 பேர். போயிங் கம்பெனி செய்த புத்தம் புதிய '737 மேக்ஸ்' விமானம். ஏறத்தாழ 15 ஆயிரம் அடி உயரத்தில் பறந்தபோது 'படார்' என்று ஒரு சத்தம். பக்கச் சுவரில் கதவு அளவுக்கு ஓட்டை! கதவு தேவைப்படாத இடத்தை மூடியிருந்த பெரிய பலகை பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

ஓட்டைக்குப் பக்கத்து இருக்கையில் நல்ல காலமாக யாரும் இல்லை. விமானி சாமர்த்தியமாகத் தரை இறக்கினார். ஒருவரும் சாகவில்லை. பலகை ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் கிடைத்தது.

பலகையைப் பிடித்து நிறுத்த வேண்டியவை 4 போல்ட்டுகள். நான்குமே இல்லை! அறுந்து போகவில்லை. மாட்டவே இல்லை.

எப்படி இது நேர்ந்தது? 2023-ம் ஆண்டு செப்டம்பரில் அந்த இடத்தில் 5 ரிவெட் ஆணிகள் பழுதாக இருந்தன. அவற்றைச் சரி செய்யப் பலகையைத் திறந்தார்கள். ரிவெட் ஆணிகளைச் சரி செய்தார்கள். அதைப் புத்தகத்தில் எழுதினார்கள். பலகையை மறுபடி மூடினார்கள். போல்ட்டு மாட்ட மறந்தார்கள்.

பலகையைத் திறந்தால் அதை எழுத வேண்டும் என்பது விதி. எழுதினால்தான், மூடிய பிறகு அதைச் சரி பார்க்க ஆள் வருவார். இங்கே எழுதவே இல்லை. ஆகவே ஆளும் வரவில்லை. 5 ரிவெட் ஆணிகளுக்குக் காகிதம் இருந்தது. 4 போல்ட்டுகளுக்குக் காகிதமும் இல்லை, போல்ட்டும் இல்லை!

அந்த வேலை நடந்தபோது ஊழியர்கள் தங்களுக்குள் ஒரு போட்டோ அனுப்பிக்கொண்டார்கள். அதில் போல்ட்டு இல்லாத இடம் தெளிவாகத் தெரிகிறது. படத்தில் தெரிந்தது பரிசோதகரின் கண்ணுக்குத் தெரியவில்லை. அக்டோபர் 31-ந் தேதி விமானத்தை ஒப்படைத்துவிட்டார்கள். ஏறத்தாழ 2 மாதம் அது பயணிகளைச் சுமந்து பறந்தது.

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது நம் ஊர்ப் பழமொழி. அச்சாணி இல்லாமல் 15 ஆயிரம் அடி ஏறலாம் என்று காட்டிய பெருமை இந்தத் தொழிற்சாலையைச் சேரும்!

2025-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் முடிவைச் சொன்னது. தொழிலாளிக்குப் போதிய பயிற்சி கொடுக்கவில்லை, வழி காட்டவில்லை, மேற்பார்வை பார்க்கவில்லை என்று போயிங் கம்பெனியைக் குறை கூறியது. கம்பெனியைக் கண்காணிக்க வேண்டிய அரசாங்க இலாகாவும் சரியாகக் கண்காணிக்கவில்லை என்றது.

சோப்பும் சாவி அட்டையும்

கதவு பறந்த பிறகு அரசாங்க இலாகா விழித்துக்கொண்டது. போயிங் தொழிற்சாலையில் 89 சோதனைகள் நடத்தியது. 33-ல் கம்பெனி தேறவில்லை. விமானத்தின் உடல்பகுதியை அப்போது செய்து கொடுத்துவந்த 'ஸ்பிரிட்' என்ற கம்பெனியில் 13 சோதனைகள். அவற்றில் 7-ல் தேறவில்லை. நம் வீட்டுப் பிள்ளை இப்படி மார்க்கு வாங்கி வந்தால் நாம் சும்மா விடுவோமா?

'ஸ்பிரிட்' தொழிற்சாலையில் அதிகாரிகள் கண்டதாகப் பத்திரிகைகளில் வெளிவந்த செய்தி இன்னும் சுவையானது. விமானக் கதவின் அடைப்புப் பட்டை சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, ஓட்டல் அறையைத் திறக்கும் சாவி அட்டையைப் பயன்படுத்தினார்களாம். அடைப்புப் பட்டை வழுக்கிக்கொண்டு பொருந்துவதற்கு, பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவினார்களாம்! பல கோடி டாலர் விமானத்துக்குச் சமையலறையிலிருந்து சாமான்!

அதே 2024-ல் போயிங் கம்பெனியே இன்னொன்றை ஒப்புக்கொண்டது. '787' ரக விமானத்தில் செய்ய வேண்டிய ஒரு சோதனையைச் சில ஊழியர்கள் செய்யவே இல்லை. ஆனால் "செய்தாயிற்று" என்று எழுதிவிட்டார்கள்.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று சும்மாவா சொன்னார்கள்?

வேலியும் பயிரும்

இதுவரை சொன்னதில் உயிர்ச் சேதம் இல்லை. ஆகவே சிரிக்க முடிந்தது. இனிச் சொல்லப்போவதில் சிரிப்பு இல்லை.

2018-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி இந்தோனேசியாவில் ஒரு '737 மேக்ஸ்' விமானம் கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள். 2019-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி எத்தியோப்பியாவில் இன்னொன்று விழுந்தது. 157 பேர் இறந்தார்கள். மொத்தம் 346 உயிர்கள்.

இரண்டு விமானங்களிலும் ஒரே குறை. விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் ஓர் ஏற்பாடு அதில் இருந்தது. அந்த ஏற்பாடு ஒரே ஓர் உணர்கருவியை நம்பியிருந்தது. அது பொய் சொன்னால் விமானம் தலைகீழாகப் பாயும். அப்படித்தான் பாய்ந்தது.

இதைப் பரிசோதித்தவர்கள் யார்? அரசாங்க இலாகாவுக்கு ஆள் போதாது, நேரம் போதாது. ஆகவே பரிசோதனை வேலையில் பெரும் பகுதியைப் போயிங் கம்பெனியின் ஊழியர்களிடமே கொடுத்திருந்தார்கள். சம்பளம் கொடுப்பது கம்பெனி. குறை கண்டுபிடிக்க வேண்டியதும் அந்தக் கம்பெனியில்தான். பரீட்சை எழுதுகிற பையனே தன் விடைத்தாளையும் திருத்தினால் யார் தோற்பார்கள்? 2020-ம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழு இந்த ஏற்பாட்டைக் கடுமையாகக் கண்டித்தது.

காகிதம் எதிரியா?

அப்படியானால் முத்திரையும் காகிதமும் வேண்டாமா? அப்படிச் சொல்லிவிடக் கூடாது.

1935-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி, அமெரிக்காவில் டேட்டன் நகருக்கு அருகே இதே போயிங் கம்பெனியின் பெரிய போர் விமானம் ஒன்று சோதனைக்குக் கிளம்பியது. கிளம்பிய சில நொடிகளில் விழுந்து எரிந்தது. விமானத்தின் வாலில் ஒரு பூட்டு உண்டு. தரையில் நிற்கும்போது காற்றில் வால் ஆடாமல் இருக்க அதைப் பூட்டி வைப்பார்கள். அதைத் திறக்க மறந்துவிட்டார்கள். ஓட்டியவர் கைதேர்ந்த விமானி.

அதன் பிறகு விமானிகள் ஒரு சிறு சீட்டு எழுதிக்கொண்டார்கள். "பூட்டைத் திறந்தாயா? எண்ணெயைப் பார்த்தாயா?" என்று ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். இன்று உலகத்தில் எந்த விமானியும் அந்தச் சீட்டு இல்லாமல் புறப்படுவதில்லை. எத்தனை உயிரை அது காப்பாற்றியதோ, கணக்கே இல்லை.

அதுவும் காகிதம்தான். ஆனால் அந்தக் காகிதம் ஆளைப் பொருளின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. "கையை வைத்துப் பார்" என்கிறது. இன்னொரு காகிதம் உண்டு. அது, "நீ போக வேண்டாம், நான் இருக்கிறேனே" என்று சொல்லி ஆளை நாற்காலியிலேயே உட்கார வைக்கிறது. முதல் காகிதம் காவல்காரன். இரண்டாவது காகிதம் காவல்காரனின் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கும் வைக்கோல் பொம்மை.

"பரிசோதனை, பரிசோதனை என்றால் வேலை எப்போது முடியும்?" என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்வியும் நியாயம்தான். நம் நாட்டின் 'தேஜஸ்' போர் விமானத்துக்கு 1983-ல் அனுமதி கிடைத்தது. 2001-ல் முதல் முறை பறந்தது. 2016-ல்தான் விமானப் படையில் சேர்ந்தது. அனுமதி கிடைத்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அதற்குள் 33 வயது! தாமதத்துக்குப் பல காரணங்கள் உண்டு. முத்திரையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் 'மேக்ஸ்' விமானத்தின் அவசரத்தையும் பார்த்துவிட்டோம். தாமதம் பணத்தைத் தின்னும். அவசரம் ஆளைத் தின்னும்.

நம் தெருவில் ஓடும் விமானம்

"இதெல்லாம் அமெரிக்கா சமாசாரம். நாம் எங்கே விமானத்தில் போகிறோம்?" என்று நினைக்க வேண்டாம்.

2012-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி, சென்னை தாம்பரம் அருகே பள்ளிக்கூடப் பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸின் தரையில் ஓட்டை. அதன் வழியாக 6 வயதுச் சிறுமி ஒருத்தி கீழே விழுந்தாள். அந்த இடத்திலேயே இறந்தாள்.

அந்தப் பஸ்ஸுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் "ஓடத் தகுதி உடையது" என்று சான்று கொடுத்திருந்தார்கள்.

தமிழ்நாடே பதறியது. சென்னை ஐகோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கு என்று தனி விதிகள் வந்தன. இப்போது ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன்பு, மைதானத்தில் பள்ளி பஸ்களை வரிசையாக நிறுத்திப் பரிசோதிக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் வரிசையில் நிற்கும் பஸ்ஸை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் பெயிண்டு தெரியும். ஓட்டை தெரியாது. ஓட்டையைப் பார்க்க வேண்டுமானால் உள்ளே ஏற வேண்டும், குனிய வேண்டும், மிதியடியைத் தூக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் ஓசூர், கோவை, சென்னைப் பகுதிகளில் விமான உறுப்புகள் செய்யும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் அங்கே வேலை செய்கிறார்கள். நாளை இன்னும் பலர் போவார்கள். அவர்கள் திருகும் போல்ட்டை நம்பி எங்கோ ஒரு குடும்பம் பறக்கப் போகிறது. ஆகவே நாம் 4 காரியங்களைக் கேட்க வேண்டும்.

பரிசோதிக்கிறவர் பொருளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

செய்கிறவன் வேறு, சோதிக்கிறவன் வேறு என்று இருக்க வேண்டும். சோதிக்கிறவனின் சம்பளமும் பதவி உயர்வும் செய்கிறவனின் கையில் இருக்கக் கூடாது.

"இங்கே ஒரு போல்ட்டு இல்லை" என்று சொல்லும் தொழிலாளியைத் திட்டக் கூடாது. அவனை முன்னால் அழைத்துப் பாராட்ட வேண்டும். வேலை ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை.

தவறு நடந்தால், முத்திரை குத்தியவர் பெயரும் வெளியே வர வேண்டும். முத்திரைக்கு முகம் இருந்தால்தான் அதற்குப் பயம் இருக்கும்.

இது பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு மட்டும் உரிய வித்தை அல்ல. ஜவ்வாது மலையில் சாமை அரிசியை முறத்தில் இட்டுப் புடைக்கும் பெண்ணைப் பாருங்கள். மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் பார்ப்பதில்லை. அரிசியைப் பார்க்கிறாள். கல்லைப் பொறுக்குகிறாள். ஏனென்றால் அந்தச் சோற்றைச் சாப்பிடப் போவது அவள் குழந்தை. முத்திரை குத்துகிற ஒவ்வொருவரும், "இதில் ஏறப் போவது என் குழந்தை" என்று ஒரு நொடி நினைத்துக்கொண்டால் போதும்.

நாமும் சும்மா இருக்கக் கூடாது. நாளைக் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடப் பஸ்ஸில் ஏற்றும்போது, தகுதிச் சான்று எங்கே என்று கேளுங்கள். எழுத்துக் கூட்டியாவது அதைப் படியுங்கள். படித்த பிறகு, ஒரு படி ஏறி, குனிந்து, பஸ்ஸின் தரையையும் ஒரு தடவை பாருங்கள்.